மழுக்காத விளிம்பு

சமையல் மேடை எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்று பலர் கேட்பார்கள் ஐயா. சமைக்கிறவரின் இடுப்பு உயரம், அவ்வளவுதான். வெட்டவும் பிசையவும் என்று சொல்லித்தான் மேடை கேட்பார்கள். குடிவந்த பிறகு பாருங்கள், சாவிக்கொத்து அதன்மேல், பாடப்புத்தகம் அதன்மேல், குழந்தையை உட்கார வைத்துச் சாப்பாடு ஊட்டுவதும் அதன்மேல். அதனால் நான் கல் பதித்தால் முன்விளிம்பை உருட்டி மழுக்காமல் விடமாட்டேன்.

என் தங்கை வீட்டு மேடையும் நான் பதித்ததுதான். அதில் மோதி மண்டை பிளந்து செத்தாள் என்று அவள் புருஷன் சொன்னான். நான் போய்ப் பார்த்தேன். காயம் கத்தி கீறியதுபோல நேராக இருந்தது. நான் உருட்டிய விளிம்பு அப்படிக் கிழிக்காது. ஸ்டேஷனில் சொன்னேன்.

"உன் தொழில் பெருமைய இங்க வந்து பேசாதய்யா" என்று அனுப்பிவிட்டார்கள். அன்று வயிறெரிந்து அழுதேன்.

இரண்டு வருடத்தில் அவன் மறுபடி கல்யாணம் செய்துகொண்டான். வெட்கமில்லாமல் என்னையே கூப்பிட்டான்.

"பழைய கல்லப் பாத்தா இவளுக்குப் பயமா இருக்காம். புதுசா போட்டுக் குடுங்க மச்சான். உங்க வேலை மாதிரி வருமா?"

பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

புது மனைவி குள்ளம். மேல் அலமாரியை ஒரு சாண் ஏற்றி அடித்தேன். மேடைமேல் ஏறினால்தான் அவளுக்கு எட்டும். கல்லுக்கு மெழுகு மூன்று தடவை தேய்த்தேன். விளிம்பை மழுக்கவில்லை.

"கூரா இருக்கே அண்ணா?" என்று தடவிப் பார்த்தாள்.

"இப்ப இதாம்மா ஃபேஷன்" என்றேன்.

பதினெட்டாம் நாள் காலை ஏறினாள், வழுக்கினாள், அந்த விளிம்பில் மண்டை மோதி விழுந்து செத்தாள். தான் அப்போது கூடத்தில் சவரம் செய்துகொண்டிருந்ததாக அவன் கோர்ட்டில் சொன்னான். உண்மைதான். ஆனால் ஒரு வீட்டில் ஒரு பெண் விழுந்தால் விபத்து, அடுத்தவளும் விழுந்தால் யார் நம்புவார்? ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அவனுக்கு ஆயுள் தண்டனை விழுந்தபோது என் வயிறு குளிர்ந்தது.

போன வாரம் ஜெயிலில் அவன் செத்துப்போனான். இனி யாரும் அவனை வெளியே விட முடியாது. அதனால்தான் இப்போது வந்து சொல்கிறேன்.

அந்தப் பெண்மீது எனக்கு எந்தப் பகையும் இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவளைக் கொன்றதும் அவன்தான் ஐயா. என் தங்கையை அவன் உயிரோடு விட்டிருந்தால், அந்தப் பெண் அந்த வீட்டுப் படியே ஏறியிருக்கமாட்டாள்.