நோஹியா ஆன்ட்டி கடையில் மத்தியானச் சாப்பாடு

மரிவிக்: இறங்குப்பா. இன்ஜினை அணைச்சு அஞ்சு நிமிஷம் ஆச்சு.

எல்ராய்: ஹிலோவுக்கே திரும்பிடலாமே. அங்கேயும் கடை இருக்கு.

மரிவிக்: ஹிலோவுல இருந்துதானே வந்தோம்! கல்யாணமாகி எட்டு மாசம். இந்த பஹோவா ஊர் போர்டு தெரிஞ்சாலே நீ வண்டியைத் திருப்பிடறே. என்கூட வேலை பாக்கற நர்சுங்க எல்லாம் சிரிக்கறாங்க. நோஹியா ஆன்ட்டி கடையில சாப்பிடாதவ இந்தத் தீவுக்காரியே இல்லையாம்.

எல்ராய்: நீ வேற தீவு, ஹொனலூலுக்காரிதானே.

மரிவிக்: அதான் மாறலாம்னு பாக்கறேன். இறங்கு!

எல்ராய்: வரிசையைப் பாரு... ரோடு வரைக்கும் நிக்குது. நீ போய் வாங்கிட்டு வா, நான் இங்கேயே...

மரிவிக்: பொண்டாட்டியை வெயில்ல நிக்க வெச்சுட்டு இவர் வண்டியில உக்காந்திருப்பாராம். வா பேசாம. ...அடடா, வாசனையைப் பாரேன். இங்க நின்னே பாதி வயிறு ரொம்பிடும் போல.

எல்ராய்: ம்.

மரிவிக்: என்ன ம்? நீதானே சொல்வே, ஆறு வருஷம் முன்னாடி எரிமலை வெடிச்சு லாவா வந்தப்போ ரோட்டை அடைக்கற வேலை எனக்குத்தான்னு. அப்போ இந்த அம்மா சமைச்சதைப் பாத்திருப்பியே.

எல்ராய்: பாத்தேன்.

மரிவிக்: ஒரு நாளைக்கு முந்நூறு பிளேட்டாமே?

எல்ராய்: முந்நூறுக்கு மேலயே இருக்கும். வீட்டை விட்டு ஓடி வந்தவங்க எல்லாம் ஜிம்முல படுத்திருந்தாங்க. கார் நிறுத்தற இடத்துல கூடாரம் போட்டு நாய், பூனை, கோழியோட கிடந்தாங்க. ஆன்ட்டி கடைக்கதவை மூடவே இல்ல. யார்கிட்டேயும் பைசா வாங்கல. அதுவும் ஏதோ கஞ்சி மாதிரி ஊத்தி அனுப்பல. ரெண்டு கரண்டி சோறு, மக்ரோனி சாலட், கறி, கிரேவி... கடையில காசு குடுத்து வாங்கினா எப்படி இருக்குமோ அதே மாதிரி. "வீடு போனவங்களுக்குப் பாதி பிளேட்டா குடுக்கறது?"ன்னு கேப்பாங்க.

மரிவிக்: இப்படிப்பட்டவங்க கடைக்கா வரமாட்டேன்னே?

எல்ராய்: முன்னாடி நகரு. நம்ம முறை.

நோஹியா: வாம்மா, என்ன வேணும்?

மரிவிக்: எனக்கு ஒரு லோகோ மோகோ ஆன்ட்டி, சோத்து மேல கறியும் கிரேவியும் நிறைய, முட்டை ரெண்டு. இவருக்கு... எங்க போனாரு? எல்ராய்! ஏன் தூணுக்குப் பின்னாடி நிக்கறே?

நோஹியா: எல்ராயா? நம்ம ரோடு ஆபீஸ் எல்ராயா?

எல்ராய்: ...ஆமா ஆன்ட்டி.

நோஹியா: ஆறு வருஷமா எங்கடா போனே? தொப்பை வேற. வேற எவ கடையிலயோ நல்லா சாப்பிட்டிருக்கே, துரோகி!

மரிவிக்: அது என் சமையல் ஆன்ட்டி. நான் இவர் சம்சாரம்.

நோஹியா: அப்படியா? அப்ப மன்னிச்சுட்டேன். போய் மூலை மேசையில உக்காருங்க. நானே கொண்டு வரேன்.

எல்ராய்: ஆன்ட்டி, எனக்கு வேணாம்...

நோஹியா: உன்னை யாரு கேட்டா?

மரிவிக்: ...எல்ராய், இந்த கிரேவியைத் தொட்டுப் பாரேன். அடியில இருக்கற சோறு வரைக்கும் ஊறியிருக்கு. முட்டையைக் குத்தினா மஞ்சக்கரு அப்படியே வழியுது. மக்ரோனி ஜில்லுனு... கடவுளே! இத்தனை நாளா இதை என்கிட்ட இருந்து மறைச்சு வெச்சிருந்தியா?

எல்ராய்: சாப்பிடு.

மரிவிக்: நீ தொடவே இல்லையே. ...ஏய், கண்ணெல்லாம் ஏன் கலங்கியிருக்கு?

எல்ராய்: மெதுவா பேசு.

மரிவிக்: என்னன்னு சொல்லு. இல்லேன்னா அவங்ககிட்டயே கேப்பேன்.

எல்ராய்: வேணாம், வேணாம்... அவங்க வீடு ஊருக்குக் கீழ்ப்பக்கம் இருந்துச்சு. பச்சைக் கூரை. அவங்க வீட்டுக்காரர் செத்துப்போறதுக்கு முன்னாடி தன் கையால கட்டினது. அன்னிக்குக் காலைல அந்தத் தெருவுல நான்தான் நின்னேன். என் கண்ணு முன்னாடி லாவாவுல போச்சு. மழைத்தண்ணித் தொட்டி முதல்ல கொதிச்சு வெடிச்சுது. அப்புறம் கூரை... பத்து நிமிஷம்கூட ஆகல.

மரிவிக்: ஐயோ...

எல்ராய்: அவங்ககிட்ட சொல்லணும்னுதான் இங்க வந்தேன். சோறு குடுக்கற ஜன்னல்ல அவங்க கரண்டியும் கையுமா நிக்கறாங்க. பின்னாடி அத்தனை ஜனம், குழந்தைங்க. "எல்ராய், கீழேயிருந்தா வரே? என் வீடு எப்படி இருக்கு?"ன்னு கேட்டாங்க. நான்... "பச்சைக் கூரை நல்லா நிக்குது ஆன்ட்டி"ன்னுட்டேன்.

மரிவிக்: பொய்யா சொன்னே?

எல்ராய்: சொன்னா அவங்க கீழ உக்காந்துடுவாங்க. அத்தனை பேருக்கும் அன்னிக்குச் சோறு இல்ல. இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். நிஜம் என்னன்னா, சொல்ல எனக்குத் தைரியம் வரல. அவங்க சந்தோஷமா ஒரு பிளேட் குடுத்தாங்க. அவங்க முன்னாடியே உக்காந்து வழிச்சுத் தின்னேன் மரிவிக். வீடு போன பொம்பளைகிட்ட பொய் சொல்லிட்டு அவங்க சோத்தையே தின்னேன்.

மரிவிக்: அதுக்கப்புறம் வரவே இல்லையா?

எல்ராய்: எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு வர?

நோஹியா: என்னடா இது, ஆறிப்போச்சு பாரு! என் லோகோ மோகோவை ஆற விட்ட முதல் ஆளு நீதான். நகரு, நான் உக்காரணும். கால் வலிக்குது.

மரிவிக்: உக்காருங்க ஆன்ட்டி. நான் கை கழுவிட்டு வந்துடறேன்.

எல்ராய்: நீயும் இரு. ...ஆன்ட்டி, அன்னிக்கு நான் உங்ககிட்ட...

நோஹியா: முதல்ல ஒரு வாய் தின்னு.

எல்ராய்: முடியல ஆன்ட்டி. சொல்லிடறேன். வீடு நிக்குதுன்னு சொன்னேனே, அது பொய். போனதை நான் பாத்தேன். பாத்துட்டு நேரா உங்ககிட்ட வந்துதான் பொய் சொன்னேன். அப்புறம் வேற யாரோ சொல்லித் தெரிஞ்சிருக்கும். அப்போ என்னை எவ்வளவு திட்டியிருப்பீங்க... திட்டுங்க. இப்பவாவது திட்டிடுங்க.

நோஹியா: இதுக்காகவா ஆறு வருஷம் வராம இருந்தே? அட லூசுப் பயலே... நானும் உன் வழியையே பாத்துக்கிட்டிருந்தேன், மன்னிப்புக் கேக்கணும்னு.

எல்ராய்: நீங்களா? எதுக்கு?

நோஹியா: எனக்கு அப்பவே தெரியும். நீ வர்றதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே பக்கத்து வீட்டுக்காரன் போன் பண்ணிட்டான். பின்கட்டுல அரிசி மூட்டை மேல உக்காந்து அழுதுட்டு, மூஞ்சியைக் கழுவிட்டுத்தான் ஜன்னலுக்கு வந்தேன்.

மரிவிக்: அது தெரிஞ்சுமா முந்நூறு பேருக்கு...

எல்ராய்: தெரிஞ்சே ஏன் ஆன்ட்டி என்கிட்ட கேட்டீங்க?

நோஹியா: அன்னிக்கு உன் தலையெல்லாம் சாம்பல். சொல்ல வந்தது உன் மூஞ்சியிலேயே தெரியுது. நானும் அழுதிருந்தா நீ ஒரு வாய்கூடத் தின்னிருக்க மாட்டே. பொய் சொல்ல ஒரு வழி விட்டா நீ சாப்பிடுவேன்னு தோணுச்சு, அதான் கேட்டு உன்னைப் பொய் சொல்ல வெச்சேன். ...இல்ல, அது மட்டும் இல்ல. உன்கிட்ட நிஜத்தைச் சொல்லணுமில்ல? யாராவது ஒருத்தர் வாயால "நல்லா நிக்குது"ன்னு கடைசியா ஒரு தடவை கேக்கணும் போல இருந்துச்சுடா.