ஆறு நிமிடம் நாற்பது நொடி

வகுப்பில் பிள்ளைகள் கவனிப்பதில்லை என்பதை முதலில் கண்டுபிடித்தது நான் இல்லை ஐயா. அதைப் படமாகப் போட்டுக் காட்டியது மட்டும்தான் நான்.

கல்லூரியின் பாடப்பதிவுப் பிரிவு என் பொறுப்பு. வகுப்பறைக் கேமரா பாடத்தைப் பதிவு செய்யும். மாணவர்கள் வீட்டில் பார்ப்பார்கள். யார் எவ்வளவு நேரம் பார்த்தார்கள், எந்த இடத்தைத் தாண்டிப் போனார்கள் என்று மென்பொருள் ஒரு கோடு போட்டுக் காட்டும். கோடு கீழே போனால் மாதக் கூட்டத்தில் முதல்வரின் முகமும் கூடவே தொங்கிவிடும். அவர் ஒரு பாடத்தையும் பார்த்தவரில்லை. கோட்டைத்தான் கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

வேதியியல் மேடத்துக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'ரிப்பீட்டு'. எதையும் மூன்று தடவை சொல்லாமல் விடமாட்டார். எனக்கு அவர்மேல் ஒரு வருத்தமும் கிடையாது. முதலாண்டுச் செய்முறைக்கு முந்தைய பாடத்தில், அமிலத்தைத்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் விடவேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும் என்று ஆறு நிமிடம் நாற்பது நொடி சொன்னார். சரியாக அந்த இடத்தில் கோடு பள்ளத்தில் விழுந்தது.

"இந்தப் பள்ளத்த எப்படியாவது சரி பண்ணுங்க" என்றார் முதல்வர்.

மேடத்திடம் பக்குவமாக எடுத்துச் சொன்னேன். சிரித்தார். "கோடு விழுந்தா விழட்டும் தம்பி. ஆசிட் யார் மூஞ்சியிலயும் விழாம இருந்தா போதும்."

இப்படிப்பட்டவர்களிடம் நவீனக் கல்வி பற்றி என்ன பேசுவது? அந்தப் பகுதியை வெட்டினேன். ஒட்டுப் போட்டது தெரியாது. "அமிலமும் தண்ணீரும் எடுத்து வச்சுக்கோங்க" என்கிறார் மேடம்; அடுத்த நொடி, "கலந்தாச்சா?" என்கிறார். கோடு நிமிர்ந்தது. முதல்வர் என் தோளைத் தட்டினார்.

காய்ச்சலில் படுத்திருந்த ஒரு மாணவி வகுப்புக்கு வரவில்லை; பதிவை மட்டும் பார்த்தாள். மூன்று முறை, ஒரு நொடிகூடத் தாண்டாமல். அந்த மாதத்தின் சிறந்த ஈடுபாடு அவளுடையதுதான். பாராட்டுக் கடிதம்கூட அனுப்பினேன். மறு வாரம் ஆய்வகத்தில் அவள் அமிலத்தில் தண்ணீரை ஊற்றினாள்.

இடது கண் போய்விட்டது. வலது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிகிறதாம்.

மருத்துவமனையில் அவளுடைய அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "வீடியோவ முழுசா பாத்தா சார் என் பொண்ணு."

"தெரியுங்க. எங்ககிட்ட பதிவாயிருக்கு" என்றேன். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே.

விசாரணையில், மேடம் எச்சரித்தாரா என்று வகுப்பில் இருந்தவர்களைக் கேட்டார்கள். யாருக்கும் நினைவில்லை. பதிவுதான் இருக்கிறதே என்று யாருமே காது கொடுத்திருக்கவில்லை. மேடம் என் அறைக்கு ஓடிவந்தார்.

"நான் சொன்னேன்ல தம்பி? அத கொஞ்சம் எடுத்துக் குடுங்க."

"பாக்குறேன் மேடம்."

பார்த்தேன். வெட்டாத மூலப்பதிவு பத்திரமாக இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு அந்தப் பகுதியை முழுவதும் கேட்டேன். மூன்று தடவை சொல்கிறார்; மூன்றாம் தடவை கெஞ்சுகிற மாதிரியே இருக்கிறது. பிறகு அதை அழித்தேன்.

"அப்படி எதுவும் இல்லயே மேடம்" என்றேன்.

"அப்ப நான் சொல்லவே இல்லையோ?" என்று தன்னையே கேட்டுக்கொண்டு போனார். வேலை போய்விட்டது. இன்றைக்கும் தான் சொல்லவில்லை என்றே நம்புகிறார் என்று கேள்வி.

யார் எதை அழித்தாலும் அவர் பெயரை அந்த மென்பொருள் குறித்து வைக்கும் என்று பயிற்சிக் காணொளியில் சொல்லியிருக்கிறார்களாம். அந்த இடத்தை நான் தாண்டிப் போயிருக்கிறேன். அதனால்தான் உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

வெட்டியதும் நான்தான், அழித்ததும் நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று ஐயா. அந்த ஆறு நிமிடம் நாற்பது நொடியையும் ஒரு வார்த்தை விடாமல் கவனித்துக் கேட்ட ஒரே ஆள் நான்தான். அதையும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டால் நியாயமாக இருக்கும்.