உப்புக் கரைந்த சரிவு

சிக்ருன்: கம்பிய மிதிக்காதடா, கரண்ட் போகுது.

யோஸ்டைன்: கிறிஸ்துமஸுக்குக்கூட வராத அக்கா, சேத்துக்குக் கரண்ட் குடுக்க ட்ரொண்ட்ஹெய்ம் நகரத்துலேர்ந்து வந்திருக்கா. பெருமையா இருக்கு.

சிக்ருன்: நகராட்சி அனுப்பிச்சுது, வந்தேன்.

யோஸ்டைன்: பின்ன, தம்பியப் பாக்கவா வருவே? சரி, என்ன சொல்லுது என் நிலம்?

சிக்ருன்: ஒரு காலத்துல இதெல்லாம் கடலுக்கு அடியில கெடந்த களிமண்ணு. உப்பு இருக்கற எடத்துல கரண்ட் சுலபமா ஓடும். கீழ் வயல்ல நல்லா ஓடுது. உன் மாட்டுக்கொட்டகைக்கு அடியில...

யோஸ்டைன்: ஓடலயா? நல்லது, பில்லு கொறையும்.

சிக்ருன்: ஊத்துத் தண்ணி உப்ப அலசிட்டுப் போயிருச்சுடா. உள்ள போயி ஒரு கோப்பையும் கொஞ்சம் உப்பும் கொண்டா.

யோஸ்டைன்: விருந்தா? ...இந்தா. நான் காபி குடிக்கற கோப்பை, பாத்து.

சிக்ருன்: கொட்டகை ஓரமா துளை போட்டு எடுத்த மண்ணு இது. கெட்டியா இருக்குல்ல? இப்ப கரண்டியால கலக்கறேன்.

யோஸ்டைன்: ...கஞ்சி மாதிரி ஊத்துதே.

சிக்ருன்: ஒரு சிட்டிகை உப்பு.

யோஸ்டைன்: ...மறுபடி இறுகுது. இந்த வித்தைக்குத்தான் பட்டம் குடுத்தாங்களா? மலைக்கு எத்தனை லாரி உப்பு வேணும், சொல்லு.

சிக்ருன்: கிண்டல் போதும். கீழ ஓடற ஓடையோட கரை கொஞ்சம் இடிஞ்சாலும் மொத்தச் சரிவும் இப்படித்தான் ஓடும், வீட்டோட. இன்னைக்கே கிளம்பணும்.

யோஸ்டைன்: மாட்ட யாரு கறக்கறது? நகராட்சித் தலைவரா?

சிக்ருன்: அது சரி... மாடுங்க எங்க? வந்ததுலேர்ந்து ஒரு சத்தமும் காணோம்.

யோஸ்டைன்: மேய்ச்சலுக்குப் போயிருக்கு.

சிக்ருன்: நவம்பர் மாசக் குளிர்லயா?

யோஸ்டைன்: நகராட்சி ஆளு சொந்தக் கார்ல, தனியா வரலாம்... என் மாடு நவம்பர்ல மேயக் கூடாதா?

சிக்ருன்: ...லீவு போட்டுட்டு வந்தேன். நகராட்சி நம்ம நிலத்த அளக்கப் போறது அடுத்த வருஷம்தான். வரைபடத்துல இந்தச் சரிவப் பாத்ததுலேர்ந்து எனக்குத் தூக்கமில்ல. கருவிய எடுத்துட்டு வந்தது... ஆபீசுக்குத் தெரியாது.

யோஸ்டைன்: அடிப்பாவி.

சிக்ருன்: இப்ப நீ சொல்லு.

யோஸ்டைன்: கொட்டகைக்குப் பின்னால தரையில கை நுழையற அளவுக்கு விரிசல். மாடுங்கள ஞாயித்துக்கிழமையே பக்கத்து ஊருக்கு ஓட்டிட்டேன். பெட்டியும் வண்டியிலதான் இருக்கு... அப்பா கட்டின வீடு அக்கா. நானா விட்டுட்டுப் போனா, செத்தும் என்னையத் திட்டுவாரு. நீ போகச் சொல்லிட்டேல்ல, இனி உன்னையத் திட்டட்டும்.