கண்ணாடி மாட்டிய ஆணி

எங்கள் வீட்டில் காலை நேரத்தில் சத்தம் யாருக்கும் ஆகாது. கதவை அறைந்து சாத்தினாலே அண்ணி முகம் சுளிப்பார். அதனால்தான் வெறும் துப்பாக்கிப் பயிற்சி எங்கள் வீட்டுக்குத் தோதாக இருந்தது.

உங்களுக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்கிறேன், ஐயா. துப்பாக்கிக்குள் தோட்டா இருக்காது. குறி பார்த்து, மூச்சை அடக்கி, விசையை இழுத்தால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். துப்பாக்கி சுடும் கிளப்பில் போடும் காதுக்கவசம்கூடத் தேவையில்லை. கை ஆடுகிறதா, கண் மூடுகிறதா என்று நமக்கே தெரிந்துவிடும். எனக்குக் கண் மூடும். வெடிக்கப் போகிறது என்ற நினைப்பு வந்தாலே இமை முந்திக்கொள்ளும்.

அதை நாலு பேர் அறியச் செய்தது அண்ணன். கிளப்பில் எங்கள் எல்லோருக்கும் பயிற்சியாளர் அவர்தான். ஒருநாள் நிஜத் தோட்டா என்று நம்பவைத்து, மருந்தில்லாத வெற்றுத் தோட்டாவைப் போட்டுக் கொடுத்தார். வெடிக்காத துப்பாக்கிக்கே நான் கண்ணை இறுக மூடித் தோளைக் குலுக்கியதை இருபது பேர் பார்த்தார்கள். அப்புறம் எனக்கு மட்டும் பாடம் சொன்னார்.

"உள்ள என்ன இருக்குன்னு தெரியாம சுடணும்டா. அப்பதான் கண்ணு நிஜத்தச் சொல்லும்."

அன்றிலிருந்து என் பெயர் கண்சிமிட்டி. கிளப்போடு நின்றிருந்தால் பரவாயில்லை. சாப்பாட்டு மேசையிலும் அப்படித்தான் கூப்பிட்டார். என் மகளுக்கு நாலு வயது. "கண்சிமிட்டி அப்பா" என்று அவள் சொன்னபோது எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

குறி வைக்கச் சுவரில் ஒரு கறுப்புப் புள்ளி வைத்திருந்தேன். புதுப் பெயின்ட் பாழாகிறது என்றார் அண்ணி. நியாயம்தான். அதை அழித்துவிட்டுப் பின்னறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பத்து மீட்டர் தள்ளி, கொல்லைச் சுவரில் ஓர் ஆணி. அதில் சின்னக் கண்ணாடி ஒன்றை மாட்டி, அண்ணன் தினமும் ஏழு மணிக்கு முகச்சவரம் செய்வார். முதலில் ஆணியைத்தான் குறி வைத்தேன். அது பொடிசு, கண் வலித்தது. பிறகு கண்ணாடிக்கு மாறினேன். இடையில் அவர் தலை வந்து நின்றால் நான் என்ன செய்ய முடியும்.

இது அவருக்கும் தெரியும். 'டிக்' கேட்டதும் முகத்து நுரையோடு திரும்புவார்.

"சிமிட்டினியாடா?"

"இல்லண்ணா."

"பொய் சொல்லாத. கண்ணாடில உன்னப் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

ஆறு மாதத்தில் வீட்டில் கண் மூடுவது நின்றது. கிளப்பில் நிற்கவில்லை. போட்டிக்குப் போகும் அணியின் பட்டியலை ஒட்டினார்கள், என் பெயர் இல்லை. எழுதியது அண்ணன். அவர் மேல் குறை சொல்ல மாட்டேன். வெறும் துப்பாக்கி என்று தெரிந்தால் எவனுக்குப் பயம் வரும்? தெரியாமல் இருக்க வேண்டும், அவர் பாடமே அதுதானே. ஐந்து வெற்றுத் தோட்டாவோடு ஒரு நிஜத் தோட்டாவைச் சட்டைப் பையில் போட்டுக் குலுக்கி, பார்க்காமல் ஒன்றை எடுத்துப் போட்டேன். நாளுக்கு ஒன்றுதான், அதையும் திரும்பப் பைக்குள்ளேயே போட்டுவிடுவேன். பதினோரு நாள் 'டிக்' என்றது. பதினோரு நாளும் அவர் திரும்பிக் கேட்டார், நான் பதில் சொன்னேன்.

பன்னிரண்டாம் நாள் வெடித்தது.

என் கண் மூடவில்லை. அவர் சரிவதை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை பார்த்தேன். கண்ணாடியில் அவரும் என்னைப் பார்த்திருப்பார், நான் சிமிட்டவில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அந்த ஒரு நிம்மதி எனக்கு உண்டு.

அண்ணனைச் சுட்டது நான்தான். அதை எங்கே வேண்டுமானாலும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஆனால் எந்தத் தோட்டா கைக்கு வந்தது என்பது தற்செயல், அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். வெற்றுத் தோட்டா எடை குறைவாயிற்றே, விரலுக்குத் தெரியாதா என்று கேட்டீர்கள். எனக்குத் தெரியவில்லை.

அண்ணி ஓடிவந்து என்ன சொன்னார் என்றும் கேட்டீர்கள். அவர் வாய் அசைந்தது, சத்தம் எனக்குக் கேட்கவில்லை. காதில் கவசம் போட்டிருந்தேன். இத்தனை மாதத்தில் வீட்டில் அதைப் போட்டது அன்று ஒருநாள்தான்.