பரோட்டாவுக்கு ராசி இல்லை

பொள்ளாச்சி பஸ்ஸில் இடமில்லை. காலையிலிருந்து சாப்பிடாமல் கம்பியைப் பிடித்து நின்றிருந்தேன். பக்கத்து சீட்டில் ஒரு பெண் தன் மாமனாரிடம், "எனக்கும் பரோட்டாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லீங்க மாமா" என்றாள்.

"நீ கல்லாவுல உக்காந்தா நம்ம கடையில பரோட்டா ஓட மாட்டீங்குதே, அம்மணி. அதுக்குத்தான உன்னைய எந்திரிக்கச் சொன்னேன்."

"காலேஜுல புள்ளியியல்ல படிச்ச கை-ஸ்கொயர் கணக்கு போட்டு, ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்குதான்னு பாத்துப்போட்டேனுங்க. நீங்க உக்காந்த நாளு, நான் உக்காந்த நாளு, பரோட்டா, இட்லின்னு நாலு கட்டம். வித்தியாசம் தன்னால ஏறி எறங்கற அளவுதானுங்க."

"அப்ப ராசி?"

"எனக்கும் இல்லீங்க, உங்களுக்கும் இல்லீங்க."

அவர் குலுங்கிச் சிரித்தார். மடியிலிருந்து கல்லாச் சாவியை எடுத்து நீட்டினார். "இந்தா கண்ணு, நீயே உக்காரு. நான் எங்க உக்கார்றது?"

"எங்க வேணா உக்காருங்க மாமா. பரோட்டா கண்டுக்காது."