மூணாவது டிராக்

தம்பி: இதுவும் ஆகலன்னா விட்டுரலாம்க்கா... லினக்ஸ்ல நான் போட்டுப் பாக்குற ஆறாவது சாஃப்ட்வேர் இது.

அக்கா: ஆறுதானே... உன் மாமா உயிரோட இருந்தப்ப ஒரே பாட்டுக்கு அறுபது ட்யூன் போடுவாரு.

தம்பி: அவரு பொறுமை எனக்கு ஏது?

அக்கா: பேசாம கம்ப்யூட்டர்ல இருந்ததை எடுத்துட்டு இந்த லினக்ஸைப் போடாமலே இருந்திருக்கலாம் நீ.

தம்பி: கம்ப்யூட்டர் ஆமை மாதிரி ஊருதுன்னு புலம்பினது யாரு?

அக்கா: நான்தான்... ஆனா அவரு கடைசியாப் போட்ட பாட்டு அதுக்குள்ளதானே இருந்துச்சு.

தம்பி: இருக்கு... இருக்கு. திறக்கத்தான் வழியில்ல. ஒண்ணு ஃபைலைப் பாத்ததுமே மூடிக்குது. ஒண்ணுல எல்லாம் ஓடுது, சத்தம்தான் இல்ல. இன்னொண்ணு, கீபோர்டு கட்டையை அமுக்கினா யோசிச்சு யோசிச்சு அப்புறம் வாசிக்குது.

அக்கா: உன்னை மாதிரி.

தம்பி: சரி சரி... இந்தா, திறந்திருச்சு. ரெண்டு டிராக். பியானோ, டிரம்ஸ். மாமா பாட்டு இதான். கேளு.

அக்கா: சத்தத்தைக் கூட்டு.

தம்பி: எப்படிக்கா இருக்கு?

அக்கா: நல்லாருக்கு.

தம்பி: அவ்வளவுதானா? பதினோரு மாசமா இதுக்குத்தானே தவிச்சே?

அக்கா: அவரு இடது கை இவ்வளவு தயங்காதே...

தம்பி: உடம்பு முடியாம இருந்தப்ப வாசிச்சிருப்பாரு.

அக்கா: இருக்கும்... இரு. பின்னாடி அது என்ன?

தம்பி: எது?

அக்கா: யாரோ முணுமுணுக்கிற மாதிரி.

தம்பி: ஃபேன் சத்தம்க்கா.

அக்கா: நிறுத்து அதை.

தம்பி: ...நிறுத்திட்டேன்.

அக்கா: இப்ப?

தம்பி: ...கேக்குது. மைக் எதுலயாவது மாட்டியிருக்கா?

அக்கா: மைக் ஏது? அவரு போன மறுவாரமே வித்தாச்சு. நீதானே ஆளைக் கூட்டிட்டு வந்தே.

தம்பி: அப்ப இந்த மூணாவது டிராக் எங்கேர்ந்து வந்துச்சு... நான் ரெண்டுதானே...

அக்கா: நீ ரெண்டுதானே... என்ன?

தம்பி: ஒண்ணுமில்ல.

அக்கா: ஸ்கிரீன்ல அந்த மூணாவது கோடு நீண்டுக்கிட்டே போகுதுடா. பாட்டை நிறுத்து.

தம்பி: எப்பவோ நிறுத்திட்டேன். ஸ்பீக்கர் வயரையும் பிடுங்கிட்டேன், என் கையிலதான் இருக்கு.

அக்கா: பியானோ நின்னுருச்சு... முணுமுணுப்பு நிக்கலையே.

தம்பி: அக்கா... ஒண்ணு சொல்றேன். திட்டாதே.

அக்கா: சொல்லு.

தம்பி: லினக்ஸ் போட்ட அன்னிக்கே டிஸ்க் மொத்தமா அழிஞ்சுபோச்சு. மாமா பாட்டு ஒண்ணுகூட மிஞ்சல. உன்கிட்ட சொல்ல வாய் வரல. சாஃப்ட்வேர் மேல பழியைப் போட்டு இழுத்தடிச்சேன். இப்ப நீ கேட்டது நான் என் வீட்ல வாசிச்சு எடுத்துட்டு வந்தது. பியானோ என்னுது. டிரம்ஸ் என்னுது... அந்தக் குரல் என்னுது இல்லக்கா.

அக்கா: டிஸ்க் போனது உன் மூஞ்சியைப் பாத்தே அன்னிக்குப் புரிஞ்சுபோச்சு. மறுநாள் காலையிலேர்ந்து இந்த ரூம்ல அவரு குரல் கேட்டுக்கிட்டேதான் இருக்கு. எனக்குத்தான் புத்தி கலங்கிப்போச்சோன்னு பயந்து, பாட்டைத் தேடுற சாக்குல உன்னை தினம் வரவச்சேன்... இன்னிக்குத்தான்டா உனக்கும் கேட்டிருக்கு.