ஐந்நூறாம் நாள் படம்

— நான் பேண்டைக் கழட்டினா உனக்கென்ன வந்துச்சு மாமா? ஆஸ்டின் ஊரே இன்னைக்குத் தொடை தெரியத் திரியுது.

— கழட்டு, யாரு வேண்டாம்னா? படம் எடுத்து முடிச்சதும் கழட்டு. நான் சொல்றதைக் கேளு லாசரோ.

— நீ மட்டும் நிக்கிறே. சட்டையில ஃபோர்மேன் நெஸ்தோர்னு பேரு, இடுப்புக்குக் கீழ கோழி படம் போட்ட டிராயர்.

— சிரிச்சுக்கோ. உங்கக்கா எல்விரா வாங்கிக் குடுத்தது. பேண்ட் போடாத நாள் வருஷத்துல ஒண்ணு. மே மாசம் முதல் வெள்ளி. கூத்தடிச்சுட்டுப் போறோம்.

— மத்த நாள் பேண்ட் ரெண்டு விரக்கடை மேல ஏறியிருந்தா கேட்டிலேயே திருப்பி அனுப்புறீங்க. இன்னைக்கு முதலாளியே டிராயரோட நின்னு கறி சுடுறாரு.

— விபத்தில்லாம ஐநூறு நாளாச்சே மாப்ளே. ஒரு ஆளுக்கும் ஒரு கீறல் கிடையாது. பலகையில எழுதியிருக்கு பாரு. அதுக்கும் சேத்துத்தான் கறி.

— அந்தப் பலகை பொய்.

— மெதுவாப் பேசு.

— பொய்தானே? நானூத்தி அறுபதாம் நாள் சாக்கடைக் குழாய் வார்த்தோம். மட்டப்பலகை இழுக்க முட்டி போட்டேன். பூட்ஸுக்குள்ள சிமெண்ட் பால் இறங்கிருச்சு. கழுவிட்டு வரேன்னேன். கலவை இறுகிரும், முடிச்சிட்டுப் போடான்னே.

— எல்லாரும் அப்படித்தான் முடிப்பாங்க. சிமெண்ட் சுட்டது யாருக்கு உடனே தெரிஞ்சிருக்கு? என் விரல் இடுக்கைப் பாரு, எத்தனை தழும்பு.

— உனக்குத் தழும்பு. எனக்கு முட்டியிலேருந்து கணுக்கால் வரைக்கும் குழி. கட்டு மாத்தும்போது என் பொண்டாட்டி மூக்கைப் பொத்திக்கிறா. உள்ள வெள்ளையாத் தெரியுது மாமா. எலும்புங்கிறா டாக்டரம்மா.

— நான் கண்டுக்காமலா இருந்தேன்? மறுநாளே புது பூட்ஸ் வாங்கிக் குடுத்தேன். இந்தக் குழாய் யார்டுல யாருக்கு அப்படிக் கிடைச்சிருக்கு?

— குடுத்தே. வண்டி பானெட்டு மேல தாளை வச்சுக் கையெழுத்தும் வாங்கிட்டுப் போனே. காலு எரிச்சல்ல படிக்காமலே கிறுக்கிக் குடுத்தேன்.

— பூட்ஸ் குடுத்தா கையெழுத்து வாங்கித்தானே ஆகணும்.

— பூட்ஸை விடு. தொடைத் தோலை உரிச்சு ஒட்டணுமாம். வேலையில பட்டதுதான்னு கம்பெனி கடுதாசி குடுத்தாத்தான் ஆஸ்பத்திரியில தேதி குடுப்பாங்க. இன்னும் தள்ளிப் போட்டா முட்டிக்குக் கீழ காலையே எடுத்துரணும்னு டாக்டரம்மா சொல்லிட்டா. நீ என்ன சொன்னே? ஐநூறு ஆகட்டும், ஐநூறு ஆகட்டும்னே. ஆயிருச்சு.

— திங்கக்கிழமை நானே முதலாளிகிட்ட கூட்டிட்டுப் போறேன்.

— போன திங்கக்கிழமையும் இதைத்தான் சொன்னே. இன்னைக்கு எல்லாரும் காலைக் காட்டிட்டு நிக்கிற நாள். நானும் நிக்கிறேன், முன் வரிசையில, கட்டை அவுத்துட்டு. முதலாளி பாக்கட்டும். படம் எடுக்க வந்த பொண்ணு பாக்கட்டும்.

— பசங்க உன்னைச் சும்மா விடுவாங்களா? பலகை போச்சுன்னா ஐநூறுக்காகக் கம்பெனி குடுக்கிற ரெண்டு நாள் லீவும் ஆளாளுக்குப் போச்சு. அதை நம்பிப் பொண்டாட்டி புள்ளைங்களைக் கடலுக்குக் கூட்டிட்டுப் போறவன் இருக்கான்.

— அவன் போவான், ரெண்டு காலோட.

— உங்கக்காவை நினைச்சுப் பாரு. இந்தப் பலகையைக் காட்டித்தான் யார்டு மேனேஜர் வேலை எனக்குன்னு முதலாளி சொல்லியிருக்காரு. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல அவ இப்பத்தான் முதமுதலா வீட்டுக்கு ஏசி பாக்கப் போயிருக்கா.

— ஆக, அதுதான் சங்கதி.

— அது மட்டுமில்ல...

— அதுதான். நாப்பது நாளா நான் நொண்டுறதைப் பாத்துட்டே இருந்திருக்கே. கையை எடு மாமா. பெல்ட்டை விடு.

— சொன்னாக் கேளு. கறி வெந்துருச்சு, கூப்பிடுறாங்க. போய் ஓரமா நில்லு, பேண்டோட. கூச்சப்படுறான்னு நான் சொல்லிக்கிறேன்.

— விடுங்கிறேன்ல.

— சரி, விட்டுட்டேன். கழட்டு. போய் முன்னாடியே நில்லு. பலகைக்கும் ஒண்ணும் ஆகாது, எனக்கும் ஒண்ணும் ஆகாது.

— ஏன் ஆகாது?

— பானெட்டு மேல நீ கையெழுத்துப் போட்டது பூட்ஸுக்கு இல்ல மாப்ளே. ஞாயித்துக்கிழமை உன் வீட்டு வாசலுக்குத் தளம் போட்டப்போ காலு வெந்துருச்சுன்னு, நீயே ஆபீஸுக்கு எழுதிக் குடுத்த தாள் அது.